லினக்ஸில் கிராபிக்ஸ் கார்டு: மாமா ஸ்டுடியோவில் நான் படித்த பாடம்



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது செயற்கை நுண்ணறிவு என்ற தலைப்புக்கு ஏற்கெனவே மூன்று பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். எனவே, சென்ற கார்த்திகை மாதத்தில் என் கையைச் சுட்ட ஒரு விஷயத்தையே எழுதுகிறேன். கம்ப்யூட்டர் பிரிவு மாணவர்கள் மட்டுமல்ல, மெக்கானிக்கல், சிவில் நண்பர்களும் படிக்கலாம். கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி விடாமல் தட்டவும்.

செஞ்சி கூட்டு ரோடு அருகில் என் தாய்மாமா ஒரு போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார். வளத்தி, மேல்மலையனூர், ஆலம்பூண்டி என்று சுற்று வட்டாரக் கல்யாணம், மஞ்சள் நீராட்டு, காதுகுத்து எல்லாம் அவர் கேமராவில்தான். அவருடைய கம்ப்யூட்டர் நான்காம் தலைமுறை இன்டெல் ஐ5, எட்டு ஜி.பி. ராம். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறைக்குக் கீழே உள்ள இன்டெல் பிராசஸர்களை முறைப்படி ஏற்பதில்லை. "புதுசு வாங்குங்க சார்" என்றார் கடைக்காரர். மாமா என்னைப் பார்த்தார். நான் படித்த படிப்பின் மேல் எனக்கிருந்த நம்பிக்கையில், "மாமா, லினக்ஸ் போடலாம், ஒரு பழைய கிராபிக்ஸ் கார்டும் வாங்கிப் போட்டா பறக்கும்" என்று சொல்லிவிட்டேன்.

லினக்ஸ் நமக்கு அந்நியமான பொருள் அல்ல. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் என் அக்காவுக்குக் கிடைத்த மடிக்கணினியிலேயே, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இருந்தது. ஆனால் வீட்டில் அதை யாரும் திறந்து பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

மாமா மெஷினில் லினக்ஸ் மின்ட் போட்டேன். சென்னை ரிச்சி தெருவில் பழைய என்விடியா ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ. கார்டு ஒன்று கிடைத்தது. 2016-இல் வந்த மாடல், நான்கு ஜி.பி. நினைவகம், 75 வாட்ஸ். தனி பவர் கேபிள் இல்லாமல் மதர்போர்டு ஸ்லாட்டிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் என்பதால் பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்ற வேண்டியதில்லை. ரா போட்டோக்களைச் சரிசெய்ய டார்க்டேபிள் என்ற இலவச மென்பொருளையும் நிறுவினேன். கார்டைச் சொருகியாயிற்று, படம் தெரிகிறது, வேலை முடிந்தது என்று நினைத்தேன். டார்க்டேபிளைத் திறந்தால் முன்பு எப்படி ஊர்ந்ததோ அப்படியே ஊர்ந்தது.

கார்டு என்ன வேலை செய்கிறது?

மாமாவின் கேமரா எடுக்கும் ஒரு படம் 6000-க்கு 4000 புள்ளிகள், அதாவது 2 கோடியே 40 லட்சம் புள்ளிகள். கோட்டை மலையைப் பின்னால் வைத்து மாலையில் மாப்பிள்ளை பெண்ணை நிறுத்தி எடுத்தால் வானம் வெளுத்து, முகம் இருண்டிருக்கும். அந்த இருட்டைத் தூக்கினால் பொரிப்பொரியாக இரைச்சல் தெரியும். அதை நீக்க ஒவ்வொரு புள்ளிக்கும், அதன் அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து, ஒரே மாதிரிக் கணக்கைப் போட வேண்டும்.

நம் ஊர் நடவை நினைத்துக்கொள்ளுங்கள். பிராசஸர் என்பது கெட்டிக்கார ஆட்கள் நான்கு பேர். எந்த வேலை கொடுத்தாலும் செய்வார்கள், வேகமாகவும் செய்வார்கள். ஆனால் ஒரு பெரிய கழனியை நான்கு பேர் நட்டால் எப்போது முடியும்? இந்த கார்டில் இருப்பவை 768 சிறு கணக்கு அலகுகள். தனித்தனியே பார்த்தால் மெதுவானவை. ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் குனிந்து ஒரே வேலையைச் செய்தால் கழனி சீக்கிரம் பச்சையாகிவிடும். நாற்றுக்கட்டை வரப்பில் கொண்டுபோய்ச் சேர்க்கும் நேரமும் உண்டு. படத்தை ராமிலிருந்து கார்டுக்கு அனுப்பும் நேரம் அது. நான்கு நாற்று நடுவதற்கு 768 பேரைக் கூப்பிட்டால் நடந்து வரும் நேரம்தான் மிச்சம்.

அவர்களிடம் வேலை சொல்லும் மேஸ்திரிதான் டிரைவர். எனக்கு நேர்ந்தது என்னவென்றால், கழனியில் இருந்தது வேறு மேஸ்திரி.

எல்.எஸ்.பி.சி.ஐ. என்று தட்டி, இடைவெளி விட்டு, இடைக்கோடு கே என்று சேர்த்தால், எந்தச் சாதனத்துக்கு எந்த டிரைவர் ஓடுகிறது என்று தெரியும். எனக்கு அதில் 'நூவோ' என்று வந்தது. நூவோ என்றால் பிரெஞ்சு மொழியில் 'புதிய' என்று அர்த்தம் (1750-இல் நம் கோட்டையைப் பிடித்தவர்களின் மொழி!). என்விடியா கார்டுகளின் உட்சூட்சுமத்தை வெளியிலிருந்து ஆராய்ந்து தன்னார்வலர்கள் எழுதிய திறந்த மூல டிரைவர் அது. 2010-இலேயே லினக்ஸ் கெர்னலில் சேர்ந்துவிட்டது. திரையில் படம் காட்ட நன்றாகவே போதும். ஆனால் 1050 டி.ஐ. போன்ற கார்டுகளில் கடிகார வேகத்தைக் கூட்டுவதற்கு, நிறுவனம் கையொப்பமிட்ட பர்ம்வேர் தேவை. அது கிடைக்காததால் கார்டு ஸ்விட்ச் போட்டபோது இருந்த குறைந்த வேகத்திலேயே நின்றுவிடும். முதல் கியரிலேயே திண்டிவனம் வரை போவது போல. லினக்ஸைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸ் 2012-இல் பின்லாந்தில் ஒரு பல்கலைக்கழகக் கூட்டத்தில் இந்த நிறுவனத்தைப் பற்றிப் பேசும்போது கேமராவைப் பார்த்துக் காட்டிய விரல் சைகையை இம்மலரில் விவரிக்க முடியாது. 2022 மே மாதத்தில் என்விடியா தன் கெர்னல் பகுதியின் மூலநிரலை வெளியிட்டது. ஆனால் அது 2018-இல் வந்த டூரிங் வகையிலிருந்துதான் பொருந்தும். நம் கார்டு அதற்கு முந்தைய பாஸ்கல் வகை. ஆக, நிறுவனத்தின் மூடிய டிரைவர்தான் கதி.

நான் செய்த தவறு

இங்கேதான் அவசரப்பட்டேன். விண்டோஸ் பழக்கத்தில் இணையத்திலிருந்து டிரைவர் கோப்பை நேராக இறக்கி, நூவோவைத் தடை செய்துவிட்டு, நிறுவினேன். வேலை செய்தது. மாமாவுக்கு ஒரே சந்தோஷம், அன்று எனக்குப் பரோட்டா உபயம். இரண்டு வாரம் கழித்து ஒரு புதன்கிழமை, அப்டேட் மேனேஜரில் வந்ததையெல்லாம் யோசிக்காமல் நிறுவி மெஷினை அணைத்தேன். வியாழன் மாலை ஏழு மணிக்கு ஸ்விட்ச் போட்டால் திரை கறுப்பு.

மறுநாள் காலை எட்டு மணிக்கு வளத்தியிலிருந்து ஒரு கல்யாண வீட்டார் வர வேண்டும். பெண்ணின் அண்ணன் அன்றே துபாய்க்கு விமானம் ஏறுகிறார். 612 படங்களைப் பென் டிரைவில் கையோடு கொண்டுபோக வேண்டும். படங்களையெல்லாம் சரிசெய்து முடித்தாகிவிட்டது, ஜே-பெக் ஆக மாற்றுவதுதான் பாக்கி. "டேய் மாப்ள, காலைல வந்து நிப்பாங்கடா. நான் என்னத்தடா சொல்றது?" என்றார் மாமா. கோபமாகக்கூட இல்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. இதற்கு முன்னால் ஒரு தடவை தாமதமானபோது அந்தக் குடும்பத்தார் அடுத்த விசேஷத்தைத் திண்டிவனத்து ஸ்டுடியோவுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

கார்டைக் கழற்றினேன், துடைத்தேன், மாட்டினேன். ராமைக் கழற்றி மாட்டினேன். மூன்று மணி நேரம் போயிற்று. பத்து மணிக்கு நம் சீனியர் அண்ணன் ஒருவருக்கு போன் போட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "பழைய கெர்னல்ல பூட் பண்ணிப் பாத்தியா?"

மெக்கானிக்கல் நண்பர்களுக்கு இது சுலபமாகப் புரியும். எம்10 போல்ட்டில் சாதாரண மரை 1.5 மி.மீ. இடைவெளி, நுண் மரை 1.25 மி.மீ. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும், ஒன்றின் நட்டு மற்றொன்றில் ஏறாது. கெர்னல்தான் லினக்ஸின் இதயம். டிரைவரின் ஒரு பகுதி அந்தக் குறிப்பிட்ட கெர்னலின் மரைக்கு ஏற்ப வெட்டப்பட்ட நட்டு. அப்டேட்டில் கெர்னல் மாறியது, நட்டு பழையதாகவே இருந்தது. மாற்றாளாக இருந்திருக்க வேண்டிய நூவோவையும் நானே தடை செய்திருந்தேன். இரண்டு மேஸ்திரியும் இல்லாத கழனி.

மெஷின் தொடங்கும்போது எஸ்கேப் (சில மெஷின்களில் ஷிப்ட்) பொத்தானை அழுத்தினால் கிரப் என்ற பட்டியல் வரும். அதில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ளே பழைய கெர்னல் பத்திரமாக இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்தேன். அரை நிமிடத்தில் டெஸ்க்டாப் வந்தது. மூன்று மணி நேரமாக நான் ஸ்குரூ டிரைவரோடு போராடியதற்கு அவசியமே இருக்கவில்லை! பழைய கெர்னலும் இல்லாதவர்கள், அதே பட்டியலில் 'ஈ' எழுத்தை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் நோமோட்செட் என்ற சொல்லைச் சேர்த்துப் பார்க்கலாம். பல மெஷின்களில் சாதாரணப் படத்தோடாவது திரை வந்துவிடும்.

612 படங்களும் ஏறக்குறைய ஒரு மணி பத்து நிமிடத்தில் முடிந்தன. பன்னிரண்டு மணிக்குள் மாமா ஷட்டரை இறக்கினார்.

சரியான முறை

சனிக்கிழமை பொறுமையாக உட்கார்ந்தேன். நான் நிறுவியதை முதலில் நீக்கினேன். பிறகு மின்ட் மெனுவிலேயே இருக்கும் டிரைவர் மேனேஜரைத் திறந்து, 'பரிந்துரைக்கப்பட்டது' என்று காட்டிய 580 வரிசை டிரைவரைத் தேர்ந்தெடுத்தேன். இப்படி நிறுவினால் டி.கே.எம்.எஸ். என்ற ஏற்பாடு கூடவே வரும். ஒவ்வொரு முறை கெர்னல் மாறும்போதும் அதற்கேற்ற மரையை அதுவே வெட்டிக்கொள்ளும். அதற்குக் கெர்னல் ஹெடர்ஸ் என்ற பொதி மெஷினில் இருக்க வேண்டும்.

செக்யூர் பூட் இயங்கும் லேப்டாப் என்றால் இன்னொரு படி உண்டு. நிறுவும்போது ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும். மறுபடி தொடங்கும்போது நீலத் திரை ஒன்று வரும். என் நண்பன் அதை வைரஸ் என்று நினைத்து 'கன்டினியூ' அழுத்திவிட்டான், டிரைவர் ஏறவில்லை. அதில் 'என்ரோல் மோக்' என்பதைத் தேர்ந்து அந்தப் பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும்.

நிறுவியபின் என்விடியா-எஸ்.எம்.ஐ. என்று தட்டினால் கார்டின் பெயர், வெப்பம், நினைவக அளவு தெரியும். ஆனால் டார்க்டேபிள் கார்டோடு பேசுவது ஓபன்-சி.எல். என்ற பொதுமொழியில். அதைச் சோதிக்க டார்க்டேபிள்-சி.எல்.டெஸ்ட் என்ற கட்டளை இருக்கிறது. டெபியன் வைத்திருப்போர் என்விடியாவின் ஓபன்-சி.எல். பொதியைத் தனியாக நிறுவ வேண்டும். இன்டெல் கிராபிக்ஸ் மட்டும் உள்ள ஓரளவு புதிய லேப்டாப்களுக்கும் இன்டெல்-ஓபன்-சி.எல்.-ஐ.சி.டி. என்ற பொதி உண்டு, காசு செலவில்லை. பிறகு டார்க்டேபிளின் அமைப்புகளில் ஓபன்-சி.எல். பெட்டியில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள்.

வேகம் கூடியதா என்பதைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள், கடிகாரத்தால் அளங்கள். மாமா மெஷினில் 50 படங்கள், ஒரே அமைப்பு: கார்டு இல்லாமல் சுமார் 21 நிமிடம், கார்டோடு சுமார் 6 நிமிடம். இரைச்சல் நீக்கத்தை எடுத்துவிட்டு அளந்தால் வித்தியாசம் வெகுவாகச் சுருங்கியது. கோப்பைப் படிப்பதும் ஜே-பெக் எழுதுவதும் எப்படியும் பிராசஸரும் ஹார்டு டிஸ்க்கும் செய்யும் வேலைகள்.

கார்டு வாங்க நினைப்பவர்கள் நினைவகத்தைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். டார்க்டேபிள் ஒரு புள்ளிக்கு 16 பைட் வைத்துக்கொள்கிறது. 2.4 கோடி புள்ளிக்கு 38.4 கோடி பைட். உள்ளே வரும் படம், வெளியே போகும் படம் இரண்டுக்குமே 76.8 கோடி. இடைக்கணக்குகளுக்கு மேலும் தேவை. போதாவிட்டால் படத்தைத் துண்டு துண்டாக வெட்டிச் செய்யும், அப்போது வேகம் குறையும். மலிவாகக் கிடைக்கிறதே என்று ஜி.டி. 710 வாங்காதீர்கள். 192 அலகுகள்தான், அதற்கான டிரைவர் வரிசையும் 470-உடன் நின்றுவிட்டது. எங்கள் 1050 டி.ஐ.க்கும் 580-தான் கடைசி வரிசை என்று என்விடியா அறிவித்துவிட்டது. பழைய கார்டு வாங்குவோர் விலையை விட முதலில் இதை விசாரிக்க வேண்டும் என்பது என் கருத்து.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஜிம்பில் இந்த கார்டால் சொல்லும்படியான லாபம் இல்லை. அதில் ஓபன்-சி.எல். இன்னும் சோதனை நிலையில்தான், தானாக இயங்காது. ஆல்பம் டிசைனுக்கு மாமா வைத்திருக்கும் பி.எஸ்.டி. டெம்ப்ளேட்டுகள் ஜிம்பில் திறந்தால் எழுத்தும் நிழலும் இடம் மாறிப் போகின்றன. அதற்காகப் பழைய விண்டோஸை ஒரு பார்ட்டிஷனில் அப்படியே விட்டு வைத்திருக்கிறேன். அதில் நுழையும் முன் மாமா நெட் கேபிளைப் பிடுங்கிச் சாமி படத்து ஆணியில் மாட்டிவிடுகிறார்.