மல்லிக்கு மாசியில் கத்தரி வைக்காதீர்கள்

திருச்சி வெயிலில் மாடித் தோட்டம் வைத்திருப்பவர்கள், பங்குனி சித்திரையில் பூப்பார்க்க வேண்டுமென்றால் கார்த்திகையிலேயே வேலையைத் தொடங்கிவிட வேண்டும். மாசியில் ஆளைக் கூப்பிட்டு மாடியைப் பூங்காவாக்கிக்கொள்ளலாம் என்று நினைத்தால் எங்கள் வீட்டில் நடந்ததுதான் உங்கள் வீட்டிலும் நடக்கும்.

மகளுக்குச் சித்திரையில் வளைகாப்பு. மாலை நேரம், மொட்டை மாடியிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. "நாலு பேர் வர்ற இடம் அண்ணி, இப்படிக் காடு மாதிரியா வச்சிருக்கிறது?" என்று என் நாத்தனார் தோட்ட அலங்காரம் செய்யும் ஒருவரை அனுப்பிவைத்தார். நான் வேண்டாமென்றுதான் சொன்னேன். வீட்டில் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வந்தவர் ஓசூரிலிருந்து பெட்டூனியா, பான்சி, டயாந்தஸ் எல்லாம் இறக்கினார். தொங்கு தொட்டிகள், வெள்ளைக் கூழாங்கல், பிளாஸ்டிக் புல்விரிப்பு என்று மாடி முழுக்க நிறைத்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. திருச்சி 100 மீட்டரைக்கூட எட்டாது. குளிரில் பூக்கிற செடி இங்கே மார்கழி, தை வரை தாங்கும். பங்குனி பிறந்ததும் பான்சி கருகியது, பெட்டூனியா பூப்பதை நிறுத்திக் கொடியாக இழுத்துக்கொண்டு போனது. புல்விரிப்பில் மத்தியானம் கால் வைக்க முடியவில்லை.

அதெல்லாம் பணத்தோடு போயிற்று. மல்லியில் அவர் கை வைத்ததுதான் இன்னும் ஆறவில்லை.

என் குண்டுமல்லித் தொட்டிகளைக் கார்த்திகை நடுவில் நானே கவாத்து செய்திருந்தேன். வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்வதும் நவம்பர் கடைசி வாரத்தைத்தான்: தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் விட்டு மேலே உள்ளதை வெட்டிவிட வேண்டும். பிச்சிக்கு டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி. வெட்டியதும் காய்ந்த குச்சிகளையும் பழைய இலைகளையும் எடுத்துவிட்டு, மண்ணைக் கிளறி, தொழுவுரமோ மண்புழு உரமோ போட்டுத் தண்ணீர் விட்டால் தை முழுக்கத் தளிர் வரும். அந்தப் புதுத் தளிரின் நுனியில்தான் மல்லி மொட்டு வைக்கும். மாசியில் செடி ஒழுங்கில்லாமல், அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிளை நீட்டித்தான் நிற்கும். அப்படி நின்றால்தான் அது பூக்கப்போகிற செடி.

நான் மகளை அழைத்துவரப் போயிருந்த நேரத்தில், அந்த மனிதர் அத்தனை செடிகளையும் பந்து மாதிரி உருண்டையாகக் கத்தரித்துவிட்டார். ஒவ்வொரு வெட்டிலும் போனது மொட்டு. போதாததற்கு, தொட்டிகள் பழையதாக இருக்கின்றன என்று அவற்றைத் தண்ணீர்த் தொட்டிக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவில் ஒளித்துவைத்தார். மல்லிக்கு நாள் முழுக்க வெயில் வேண்டும். நிழலில் வைத்தால் இலைதான் தழைக்கும். குண்டுமல்லி கொட்டுகிற சித்திரை மாதத்தில், சொந்த மகளின் வளைகாப்புக்குக் காந்தி மார்க்கெட்டில் பூ வாங்கினேன். வாசலில் அவர் கண்ணில் படாமல் தப்பிய ஒரு செடி மட்டும் தினமும் பூத்தது. அந்தப் பூவைத்தான் மகள் தலையில் வைத்தேன்.

செங்கல் கட்டி, செம்மண் கொட்டிப் பாத்தி அமைக்கவும் ஏற்பாடு செய்திருந்தார். கட்டடப் பொறியாளரான என் கணவர் தடுத்துவிட்டார். ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்கு இந்தியத் தரக்குறியீட்டில் உள்ள சுமை சதுர மீட்டருக்கு 150 கிலோ. ஓர் அடி உயரத்துக்கு நனைந்த மண் நிரப்பினால் அதே இடத்தில் ஏறத்தாழ அரை டன் உட்காரும். தென்னை நார்க்கழிவு கலந்து பைகளிலும் தொட்டிகளிலும் வளருங்கள். தொட்டிக்கு அடியில் செங்கல் வைத்துத் தூக்கிவிட்டால் தட்டோட்டில் தண்ணீர் தேங்காது.

இனி அலங்காரத்துக்கு வருகிறேன். நம் ஊர் வெயிலில் நிறம் வேண்டுமென்றால் காகிதப்பூ போதும். அதற்குத் தண்ணீரைக் குறைக்கக் குறைக்கப் பூ கூடும். தினமும் ஊற்றுகிறவர்கள் வீட்டில் இலை மட்டும்தான் இருக்கும். ஓரங்களில் பத்துமணிப்பூ, நித்தியகல்யாணி, இட்லிப்பூ. தொட்டி மண் தொட்டியாக இருக்கட்டும், அதன் சுவர் வழியே நீர் கசிந்து ஆவியாவதால் வேர் சூடேறாது. கறுப்புப் பிளாஸ்டிக்கில் வேர் வெந்துவிடும். கூழாங்கல்லுக்குப் பதில் காய்ந்த இலையை மூடாக்காகப் போடுங்கள். உங்கள் மாடியிலும் தண்ணீர்த் தொட்டி பெரும்பாலும் தென்மேற்கு மூலையில்தான் இருக்கும். அதன் கிழக்குப் பக்கம் பிற்பகல் நிழல் விழும் இடத்தை வெற்றிலைக்குக் கொடுத்துவிடுங்கள்.

போர் தண்ணீர் ஊற்றுகிறவர்களுக்கு மல்லி இலை மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். மண்ணில் இரும்பு இருந்தும் செடியால் எடுத்துக்கொள்ள முடியாததால் வருவது அது. அன்னபேதி உப்பை லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, வெயில் தாழ்ந்ததும் இலையில் தெளித்தால் தேறிவிடும். இது தெரியாமல், செடிக்கு வயசாகிவிட்டது, பிடுங்கிவிட்டுப் புதிது வைக்கலாம் என்று அந்த அலங்காரக்காரர் சொன்னார். அந்தச் செடிகள் இப்போதும் என் மாடியில் இருக்கின்றன. ஆளை வைத்துச் செய்வதாக இருந்தால், எந்தச் செடியில் கத்தரி படக்கூடாது என்பதை முதல் நாளே சொல்லி, அதில் சிவப்புத் துணியைக் கட்டிவிடுங்கள். முன்பணத்தையும் மொத்தமாகக் கொடுக்காதீர்கள். வைத்த செடி சித்திரையைத் தாண்டி நின்றால் மீதிப் பணம் என்று பேசிக்கொள்ளுங்கள்.