மெய்யான நம்பிக்கை எது?

நம்பிக்கை இருந்தால் எதையும் சாதிக்கலாம் என்று மேடைதோறும் கேட்கிறோம். ஆனால் லூக்கா நற்செய்தி 14-ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர், கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டாமா என்று கேட்கிறார். அஸ்திவாரத்தோடு நின்றுபோனவனுக்கு நம்பிக்கை இல்லாமலா இருந்தது? ஏராளமாக இருந்திருக்கும். கணக்குத்தான் இல்லை. ஆகவே மெய்யான நம்பிக்கை ஒன்று; நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது வேறொன்று. பார்வைக்கு இரண்டும் இரட்டைச் சகோதரிகள்போல் இருக்கும். எப்படி இனம் காண்பது?

தென்துருவத்தை முதன்முதலில் அடைந்த நார்வே நாட்டு அமுண்ட்சென் வாழ்வில் இரண்டையுமே காணலாம். ஆங்கிலேயரான ஸ்காட் தம்மை முந்திவிடுவாரோ என்ற அச்சத்தில், 1911 செப்டம்பர் 8-ஆம் நாள், கடுங்குளிர் நீங்குமுன்பே அவர் புறப்பட்டுவிட்டார். வானிலை நன்றாயிருக்க வேண்டும் என்று விரும்பினார், விரும்பியதையே நம்பினார். குளிரோ பூஜ்யத்துக்குக் கீழே 50 டிகிரியையும் தாண்டியது. நாய்கள் துன்புற்றன, சிலருடைய குதிகால்கள் பனியால் புண்பட்டன. சில நாட்களிலேயே முகாமுக்குத் திரும்பினர். தோழர் ஒருவர் எல்லார் முன்னிலையிலும் தலைவரைக் கண்டித்தார். அக்டோபரில் ஐவர் மட்டும் மீண்டும் புறப்பட்டு, டிசம்பர் 14-இல் துருவத்தை அடைந்தனர்.

எனக்கு மிகவும் பிடித்தவை அவருடைய கொடிகள்தாம். வழியில் உணவுக் கிடங்குகளை முன்னதாகவே அமைத்தபோது, அவற்றின் இருபுறமும் குறுக்காகப் பல கிலோமீட்டர் தூரத்துக்குக் கொடிகளை நட்டு, எண்ணும் இட்டார். பனிமூட்டத்தில் வழி விலகினாலும் ஏதேனும் ஒரு கொடி கண்ணில் படும். கிடங்கு எந்தப் பக்கம் என்று அது சொல்லிவிடும். வழி தவறவே மாட்டேன் என்பவர் கொடி நடமாட்டார். தவறினாலும் போய்ச் சேருவேன் என்பவரே நடுவார்.

தேர்வு நெருங்கும்போது நம்மில் பலர் எழுதும் கால அட்டவணையைப் பாருங்கள், தோழியரே! காலை 4 மணி முதல் இரவு 11 மணி வரை, வண்ணப் பென்சிலால் அழகாகக் கோடிட்டிருக்கும். காய்ச்சல் வரும் நாளுக்கும் விருந்தினர் வரும் நாளுக்கும் அதில் ஒரு கட்டமும் இராது. "இதுவரை எத்தனை கணக்குப் போட்டாய்?" என்று அம்மா கேட்டால் கோபம் வருகிறதா? அதுவே அடையாளம். மெய்யான நம்பிக்கை அந்தக் கேள்விக்கு அஞ்சாது.

ஸ்காட்டைத் தம்மை ஏமாற்றிக்கொண்டவர் என்று ஒரேயடியாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் திரும்பிய 1912 மார்ச்சில் குளிர் மிகக் கொடியது. ஆயினும் ஒன்று உறுத்துகிறது. 80-ஆவது அட்சரேகையில் அமைக்க எண்ணிய முக்கியக் கிடங்கை, குதிரைகள் தளர்ந்ததால் சுமார் 30 மைல் முன்பே அமைத்துவிட்டார். இன்னும் தெற்கே செல்வோம் என்று ஓட்ஸ் கூறியதை ஏற்கவில்லை. ஓராண்டுக்குப் பின், ஸ்காட்டும் தோழர் இருவரும் கூடாரத்தில் உயிர் நீத்த இடம் அக்கிடங்குக்கு 11 மைல் தூரத்தில் இருந்தது.

இவர்களுக்கு முன்பே, 1909 ஜனவரியில், ஷாக்கிள்டன் துருவத்துக்குச் சுமார் 180 கிலோமீட்டர் அருகே சென்றுவிட்டார். போய்ச் சேர்ந்திருக்கலாம்; திரும்பி வர உணவு போதாது. உணவை எண்ணிப் பார்த்தார். உடன் வந்த மூவரையும் எண்ணிப் பார்த்தார். திரும்பிவிட்டார். நால்வரும் உயிருடன் மீண்டனர். செத்த சிங்கத்தைவிட உயிருள்ள கழுதையே மேல் என்று நீ நினைப்பாய் எனக் கருதினேன் என்று பின்னர் மனைவியிடம் கூறினாராம். அவர் நம்பிக்கை இழந்தவர் அல்லர். 1914-இல் மீண்டும் தென்திசை நோக்கிக் கப்பலேறினார்.