வை-ஃபை சிக்னல் முழுதாக இருந்தும் நெட் வரவில்லையா?

"சிக்னல் கோடுகள் முழுதாக உள்ளன. ஆனால் இணையம் வரவில்லை. யாராவது வேண்டுமென்றே தடுக்கிறார்களா?" பல வாசகர்களுக்கு வரும் சந்தேகம் இது. பெரும்பாலும் யாரும் தடுப்பதில்லை. ஆனாலும் வை-ஃபை கேமராவை நம்பி வீட்டைப் பூட்டிச் செல்பவர்கள் இதனைச் சோதிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

நம் ரவுட்டர் இயங்கும் அதே அலைவரிசையில் வேறொரு கருவி இரைச்சலைக் கொட்டுவதே ஜாமிங். கெட்டிமேளம் முழங்கும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவதும் காதில் விழாதல்லவா, அதுபோலத்தான்.

சிக்னல் அளவை மட்டும் பார்த்து இதனைக் கண்டறிய முடியாது என்று அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-ல் காட்டினார்கள். அனுப்பிய பாக்கெட்டுகளில் எத்தனை போய்ச் சேர்ந்தன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சிக்னல் குறைந்து பாக்கெட்டும் தொலைந்தால், நீங்கள் ரவுட்டரை விட்டுத் தள்ளி இருக்கிறீர்கள், அவ்வளவுதான். சிக்னல் வலுவாக இருந்தும் பாக்கெட் தொலைந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

வீட்டிலேயே சோதிக்கலாம். லேப்டாப்பை ரவுட்டர் அருகில் வைத்து, கமாண்ட் ப்ராம்ப்ட்டில் பிங் கட்டளையுடன் ரவுட்டரின் முகவரியைக் கொடுங்கள். பல ரவுட்டர்களில் இது 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். பதில் ஒழுங்காக வந்தால் கோளாறு வை-ஃபையில் இல்லை. இணைய இணைப்பு தருபவரைக் கேளுங்கள். "ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்" என்று அடிக்கடி வந்தால், நெட்வொர்க் கேபிளைச் செருகி மீண்டும் பாருங்கள். கேபிளில் மட்டும் சரியாக வருகிறதா? மைக்ரோவேவ் அடுப்பை நிறுத்துங்கள். (அதுவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில்தான் இயங்குகிறது!) சேனலை 1, 6, 11 என மாற்றிப் பாருங்கள். 5 கிகாஹெர்ட்ஸுக்கும் மாறிப் பாருங்கள். எதற்கும் மசியாமல், வேறொரு லேப்டாப்பிலும் அதே நிலை என்றால் ஜாமிங்காக இருக்கலாம்.

இரைச்சலே இல்லாமலும் தடுக்க முடியும். ரவுட்டர் சொல்வதுபோல் "இணைப்பைத் துண்டி" என்ற போலிச் செய்தியை அனுப்பினால் போதும். சிக்னல் முழுதாக இருக்கும். இணைப்பு மட்டும் திரும்பத் திரும்ப அறுந்துபோகும். அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் மேரியட் நிர்வகித்த ஓட்டலில் விருந்தினர்களின் சொந்த ஹாட்ஸ்பாட்கள் இப்படித்தான் முடக்கப்பட்டன. அதற்காக 2014-ல் மேரியட் 6 லட்சம் டாலர் அபராதம் கட்டியது.

இந்தப் போலிச் செய்தியை டபிள்யூபிஏ3 பாதுகாப்பு முறை தடுத்துவிடும். ரவுட்டரில் அந்த வசதி இருந்தால் இயக்கிவிடுங்கள். ஆனால் இரைச்சலை அது தடுக்காது. எனவே வாசல் கேமராவை மட்டுமாவது, கேபிள் செருகும் வசதி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.