அடுத்த வீட்டுக்காரியின் எடை நமக்கு எதற்கு?

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

பெரியம்மா எழுதிக்கொள்வது. ஐந்து மாதம் முடிந்தும் 4 கிலோதான் கூடியிருக்கிறது, அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு அதற்குள் 7 கிலோ ஆகிவிட்டது என்று போனில் கலங்கினாயே, அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

உண்டாவதற்கு முன்பே நீ 62 கிலோ. உயரம் 155 சென்டிமீட்டர். உயரத்துக்கு அது சற்றுக் கூடுதல். அப்படிப்பட்டவர்களுக்குப் பிரசவம் வரைக்கும் மொத்தமாக 7 முதல் 11½ கிலோ ஏறினால் போதும். மிகவும் ஒல்லியானவளுக்கோ 12½ முதல் 18 கிலோ வரை வேண்டும். மசக்கை மாதங்களில் அவ்வளவாக ஏறாது. நான்காம் மாதத்திலிருந்து உனக்கு வாரம் கால் கிலோ, அதற்குச் சற்று மேல். இந்தக் கணக்குக்கு நீ சரியாகவே இருக்கிறாய். வயிற்றைப் பார்த்து எடை சொல்கிறவர்கள் பேச்சைக் காதில் வாங்காதே.

"இரண்டு உயிருக்குச் சாப்பிடு" என்று உன் மாமியார் ஊட்டுவது பாசம்தான். ஆனால் உனக்கு இப்போது கூடுதலாக வேண்டியது நாளுக்கு 350 கலோரி அளவுதான்: ஒரு டம்ளர் பால், ஒரு கிண்ணம் சுண்டல், ஒரு வாழைப்பழம். வளைகாப்புக்கு வரும் அதிரசத்தை ஒன்றோடு நிறுத்திக்கொள். அதற்காகப் பட்டினி கிடந்து எடையைப் பிடித்து வைக்கவும் கூடாது, கண்ணே. ஏறுவதில் குழந்தை, நஞ்சு, பனிக்குட நீர், கூடும் ரத்தம் எல்லாம் அடக்கம். அவற்றைக் குறைத்து யாருக்கு என்ன லாபம்?

வாரம் ஒருநாள், காலையில் சிறுநீர் கழித்துவிட்டு, சாப்பிடுமுன், ஒரே மெஷினில் நின்று பார். தேதி போட்டுக் குறித்து வை. ஒரு வாரம் முள் அசையாவிட்டால் பயமில்லை. இரண்டு மூன்று வாரம் அப்படியே நின்றால் டாக்டரிடம் சொல்.

இதை மட்டும் மறக்காதே. சாயங்காலம் கால் லேசாக வீங்குவது பலருக்கும் உண்டு. ஆனால் ஒரே வாரத்தில் ஒரு கிலோவுக்கு மேல் திடீரென ஏறினாலோ, முகம் உப்பி மோதிரம் இறுகினாலோ, தலைவலி விடாமல் இருந்தாலோ, கண் மங்கினாலோ, அடுத்த செக்கப் வரை காத்திருக்காதே. இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே, ராத்திரியானாலும், ஆஸ்பத்திரிக்குப் போ. ரத்த அழுத்தமும் சிறுநீரில் புரதமும் பார்ப்பார்கள். மாப்பிள்ளையிடமும் இதைப் படித்துக் காட்டு.

அன்புடன்,
பெரியம்மா