குட்டிக் கூலரும் ஏ.சி.யும்: ஒரு சின்னக் கணக்கு

சென்ற ஆண்டு மே மாதம் என் தாயார் கும்பகோணத்திலிருந்து தில்லிக்கு எங்களோடு தங்க வந்திருந்தார். வயது 84. எங்கள் வீடு மயூர் விஹாரில், மூன்றாம் மாடி. ஹாலில் ஜன்னலோடு பொருத்திய பெரிய கூலர் உண்டு. அம்மாவுக்கு ஒதுக்கிய பத்துக்குப் பத்து உள் அறையில் மின்விசிறி மட்டும்தான். "பாட்டிக்கு நான் ஏ.சி. வாங்கித் தருகிறேன்" என்று கல்லூரியில் படிக்கும் என் மகன் தன் சேமிப்பிலிருந்து ஒரு பெட்டியை வரவழைத்தான். இரண்டு செங்கல் சேர்த்து வைத்த அளவு. அட்டையில் 'மினி ஏ.சி.' என்று கொட்டை எழுத்து.

ஏ.சி. என்றால் கதவு, ஜன்னலை மூட வேண்டுமே! மூடினோம். முகத்துக்கு நேரே ஜில்லென்றுதான் இருந்தது. மூன்று மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் அம்மா சுவரில் சாய்ந்தபடி, "மழைக்கு முன்னாடி புழுங்குற மாதிரி இருக்குடா, தலை சுத்துது" என்றார். ஹாலுக்கு அழைத்து வந்து, பெரிய கூலருக்கு முன் படுக்க வைத்து, ஈரத் துணியால் உடம்பைத் துடைத்து, உப்பும் சர்க்கரையும் கலந்த எலுமிச்சைச் சாறு கொடுத்தோம். கீழ்த்தளத்தில் குடியிருக்கும் டாக்டர் வந்து பார்த்து, "இன்னும் ஒரு மணி நேரம் விட்டிருந்தால் ஆஸ்பத்திரிதான்" என்றார்.

முப்பது வருடம் பள்ளிப் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன் நான். எனக்கே இது முன்கூட்டித் தோன்றவில்லை. அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

பாடம் எளியது. தண்ணீர் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும், நம் ஊரில் வெட்டிவேர்த் தட்டி கட்டி நீர் தெளிப்பதும் இந்த விதிப்படியே. ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 580 கலோரி வெப்பம் வேண்டும்.

இப்போது மகன் வாங்கிய பெட்டிக்கு வருவோம். தொட்டியில் 600 மில்லி தண்ணீர் பிடிக்கும். நான்கு மணி நேரம் வரும். அதாவது மணிக்கு 150 கிராம். பெருக்கிப் பார்த்தால் சுமார் 100 வாட் குளிர்ச்சி. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனித உடம்பு வெளியிடும் வெப்பமும் சுமார் 100 வாட்தான்! ஆக, அந்தப் பெட்டியால் முடிந்தது அம்மாவின் உடம்புச் சூட்டை ஈடுகட்டுவது மட்டுமே. வெயிலில் காய்ந்த சுவரும் மொட்டை மாடியும் இறக்கும் வெப்பத்தை எது சமாளிக்கும்?

ஏ.சி.யின் கணக்கு வேறு. 'ஒரு டன்' என்பது இயந்திரத்தின் எடை அல்ல. 2,000 பவுண்டு, அதாவது சுமார் 907 கிலோ பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எடுத்துக்கொள்ளும் வெப்பத்தின் அளவு அது. வாட்டில் சொன்னால் ஏறக்குறைய 3,500. வீடுகளில் வைக்கும் ஒன்றரை டன் ஏ.சி. 5,250 வாட் வெப்பத்தை அறையிலிருந்து வெளியேற்றும். மகனின் பெட்டியைப் போல ஐம்பது பெட்டிகளுக்குச் சமம்.

அளவு மட்டுமல்ல, வேலை செய்யும் விதமும் வேறு. ஏ.சி.க்குள் ஓடும் வாயு உள்ளே வெப்பத்தை வாங்கி, வெளியே உள்ள பெட்டியில் கொண்டுபோய் விடுகிறது. கூடவே காற்றின் ஈரத்தையும் பிழிந்து எடுக்கிறது. குழாயில் சொட்டுவது அந்தத் தண்ணீர்தான். 1902-இல் அமெரிக்காவின் வில்லிஸ் கேரியர் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்காக இத்தகைய இயந்திரத்தை வடிவமைத்ததே ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தத்தான். கூலரோ எதையும் வெளியே அனுப்புவதில்லை. வெப்பத்தை நீராவிக்குள் மறைத்து அதே காற்றில் கலக்கிறது. மூடிய அறையில் அந்த ஈரம் சேர்ந்துகொண்டே போகும். ஈரம் ஏற ஏற வியர்வை காயாது. உடம்பு தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்ளும் வழி அடைபடும்.

அம்மா தேறிய பிறகு அதே அறையில் சோதனை செய்தேன். தொடக்கத்தில் 36 டிகிரி, ஈரப்பதம் 26 சதவீதம். மூன்று மணி நேரத்துக்குப் பின் வெப்பமானி அதே 36-இல் நின்றது. ஈரப்பதம் 44 ஆகியிருந்தது.

"அப்படியானால் நம் ஹால் கூலர் மட்டும் எப்படி?" என்று மகன் கேட்டான். நல்ல கேள்வி. அது மணிக்குப் பல லிட்டர் தண்ணீரை ஆவியாக்குகிறது, வெளிக்காற்றை இழுக்கிறது, ஈரக்காற்று எதிர் ஜன்னல் வழியே போய்விடுகிறது. மே மாதத் தில்லியில் 42 டிகிரி, 20 சதவீத ஈரப்பதம் என்றால் ஈரத்துணி சுற்றிய வெப்பமானி சுமார் 24 காட்டும். கூலரால் எட்டக்கூடிய எல்லை அது; நல்ல கூலர் 28 வரை கொண்டுவரும். ஜூலையில் 35 டிகிரி, 70 சதவீதம் என்றால் எல்லையே 30. அப்போது கூலர் விசிறிதான். கடலோரச் சென்னையில் கூலர் எடுபடாததற்கும் இதுவே காரணம்.

செலவையும் சொல்லியாக வேண்டும். குட்டிப் பெட்டி இழுப்பது பத்து வாட்டுக்குள். பெரிய கூலர் 200 வாட் அளவில். ஒன்றரை டன் ஏ.சி. முழு வேகத்தில் ஏறக்குறைய 1,500 வாட். பத்து வாட்டில் ஏ.சி.யின் குளிர் கிடைக்கும் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

நம் குடும்பங்களுக்கு நான் சொல்ல விரும்புபவை:

1. குட்டிக் கூலர் வேண்டவே வேண்டாம் என்பதில்லை. படிக்கும் மேஜையில், திறந்த ஜன்னலருகே, வறண்ட காலத்தில் முகத்துக்கு இதம். அறைக்கு அல்ல.

2. எந்தக் கூலரானாலும் எதிர் ஜன்னல் திறந்திருக்கட்டும். கூலரும் ஏ.சி.யும் ஒரே அறையில் ஒன்றாக ஓட வேண்டாம்.

3. வாரம் ஒருமுறை தொட்டியை வடித்து, தேய்த்துக் காயவிடுங்கள். டெங்குக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும்.

4. அறை 40 டிகிரியைத் தாண்டினால் மின்விசிறியே உடம்பைச் சூடாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. முதியவர்களை வீட்டின் குளிர்ந்த இடத்துக்கு மாற்றுங்கள்.

5. உடம்பு கொதித்துப் பேச்சு குழறினால் வைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

6. ஏ.சி. வாங்கினால் நட்சத்திரக் குறியீட்டைப் பார்த்து வாங்குங்கள். 24 டிகிரியில் வைத்து மின்விசிறியையும் மெல்ல ஓடவிடுங்கள். போதும்.

அந்த மே மாதம் முழுவதும் அம்மா ஹாலில்தான் படுத்தார். இந்த ஆண்டு உள் அறைக்கு ஒரு டன் ஏ.சி. தவணையில் வாங்கிவிட்டோம். குட்டிப் பெட்டி மகனின் மேஜையில், ஜன்னல் ஓரம் இருக்கிறது. "பாட்டிக்குன்னு வாங்கினான், பாவம், குழந்தையைத் திட்டாதே" என்று அம்மா சொல்லிவிட்டதால் அதைத் தூக்கி எறியவில்லை.