எப்படி ஆபத்து என்று கேள்

அபிராமபுரம், சென்னை

செல்லப் பேத்திக்கு,

மணலிப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றின் பாதுகாப்புப் பிரிவில் உனக்கு வேலை கிடைத்திருப்பதில் எங்கள் எல்லோருக்கும் பெருமை. சேருவதற்கு முன் படித்துவிட்டு வரச்சொல்லி அவர்கள் கொடுத்த ரசாயனப் பட்டியலை எனக்கு அனுப்பி, "இதில் எது தாத்தா ரொம்ப ஆபத்தானது?" என்று கேட்டிருந்தாய். ஒரு பெயரைச் சொல்லி அந்தக் கேள்வியை முடித்துவிட முடியாது. ஒரு பொருள் எவ்வளவு ஆபத்து என்று கேட்பதற்கு முன், அது எப்படி ஆபத்து என்று கேட்க வேண்டும். அதையும் ஒவ்வொரு வழியாக, தனித்தனியே கேட்க வேண்டும். உன் வேலையின் அடிப்படை இதுதான் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

உன் பட்டியலில் உள்ள அமோனியாவையே எடுத்துக்கொள்வோம். 2023 டிசம்பர் 26-ஆம் தேதி நள்ளிரவு நெருங்கும் வேளையில், எண்ணூரில் கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்குக் கப்பலிலிருந்து அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் மூச்சுத் திணறலோடும் கண்ணெரிச்சலோடும் விழித்தெழுந்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே வழக்கை எடுத்தது. மீனவர்கள் மாதக்கணக்கில் போராடினார்கள். அந்த இரவில் ஓடியவர்களில் எத்தனை பேருக்கு அந்த வாயுவின் குணம் முன்கூட்டிச் சொல்லப்பட்டிருந்தது என்ற கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

ரசாயனங்களின் குணத்தை வகைப்படுத்த ஐக்கிய நாடுகள் சபை 2003-இல் முதலில் வெளியிட்ட உலகளாவிய வகைப்பாட்டு முறையை எல்லோரும் ஜி.எச்.எஸ். என்பார்கள். 1992-இல் ரியோ டி ஜெனிரோ மாநாட்டில் அதற்கு வித்திடப்பட்டது. ஒரே பொருளுக்கு ஒரு நாட்டில் நச்சு என்றும் இன்னொரு நாட்டில் நச்சு இல்லை என்றும் முத்திரை விழுந்த குழப்பத்தைத் தீர்க்க வந்த முறை அது. பொருளின் பௌதிகக் குணத்தால் வரும் அபாயங்களை அது 17 வகுப்புகளாகப் பிரிக்கிறது: வெடிப்பது, தீப்பற்றுவது, பிற பொருளை எரியவைப்பது, அழுத்தத்தில் அடைபட்டிருப்பது, உலோகத்தை அரிப்பது என்று அந்த வரிசை போகும். உடல்நலக் கேடுகளுக்கு 10 வகுப்புகள். ஒவ்வொரு வகுப்புக்குள்ளும் கடுமையைக் காட்ட நிலைகள் உண்டு.

பௌதிகப் பக்கத்திலிருந்து தொடங்குவோம். அமோனியா கொதிப்பது மைனஸ் 33 டிகிரி செல்சியஸில். ஆகவே அதைக் குளிரவைத்தோ அழுத்தியோதான் திரவமாக வைத்திருக்க முடியும். ஒரு லிட்டர் திரவம் வெளியே வந்து ஆவியானால் 800 லிட்டருக்கு மேல் வாயுவாகும். அமோனியா காற்றைவிட லேசானது, மேலே போய்விடும் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பாய். குளிர்ந்த திரவமாகப் பீறிட்டால் அப்படி நடப்பதில்லை. நுண்துளிகளும் ஈரப்பதமும் சேர்ந்த வெண்புகையாகத் தரையோடு தவழும். வீட்டுக்குள் படுத்திருப்பவரின் மூக்குமட்டத்துக்கே வந்துவிடும்.

அது எரியுமா என்பது அடுத்த கேள்வி. காற்றில் ஏறத்தாழ 15 முதல் 28 சதவீதம் கலந்தால் எரியும். இந்த இடைவெளியை வைத்துக் கணக்குப் போட்டால், தீப்பற்றும் வாயுக்களில் கடுமையான 1-ஆம் நிலைக்கே போய்விடலாம். ஆனால் பற்றவைக்க 650 டிகிரி அளவுக்கு வெப்பம் வேண்டும், எளிதில் பிடிக்காது. அதனால் அமோனியாவையும் மீத்தைல் புரோமைடையும் சிறப்பு நேர்வுகளாகக் கருதலாம் என்று ஜி.எச்.எஸ். நூலிலேயே குறிப்பு இருக்கிறது. வழக்கத்தில் அமோனியா 2-ஆம் நிலை. அந்த நிலைக்குச் சுடர்ப் படம் கிடையாது, எச்சரிக்கை வாசகம் மட்டும்தான். சிலிண்டரில் சுடர்ப் படம் இல்லையே என்று எண்ணி, அமோனியா கசிந்து தேங்கிய குளிர்பதனக் கிடங்கின் மூடிய அறையில் ஒருவர் வெல்டிங் வைத்தால் வெடிக்கலாம். படங்களோடு நிறுத்திக்கொள்ளாமல் வாசகத்தையும் படி.

இனி உடல்நலப் பக்கம். சுவாசித்தால் வரும் கடும் நச்சுத்தன்மையை, சோதனை விலங்குகளில் பாதி இறக்கும் செறிவை வைத்துப் பிரிக்கிறார்கள். வாயுவுக்கு நான்கு மணி நேரக் கணக்கில் 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) வரை 1-ஆம் நிலை, 500 வரை 2-ஆம் நிலை, 2,500 வரை 3-ஆம் நிலை, 20,000 வரை 4-ஆம் நிலை. அமோனியாவுக்கு எலிகளில் கிடைத்த மதிப்பு சுமார் 2,000 பிபிஎம். ஆகவே 3-ஆம் நிலை, மண்டையோட்டுப் படம். அடுத்து, தோலை அரிக்கும் தன்மை. பொருள் எத்தனை நேரம் பட்டால் தோல் நிரந்தரமாகச் சிதைகிறது என்பதே இங்கே அளவுகோல். மூன்று நிமிடத்துக்குள் என்றால் 1ஏ, ஒரு மணி நேரத்துக்குள் என்றால் 1பி, நான்கு மணிக்குள் என்றால் 1சி. அமோனியா 1பி. தண்ணீரில் அது மிக எளிதாகக் கரையும் என்பதால், ஈரம் உள்ள கண், மூக்கு, தொண்டையைத்தான் முதலில் தாக்கும். அதிகமாக உள்ளே போனால் நுரையீரலில் நீர் கோக்கும். கண்ணில் பட்டால் குறைந்தது கால் மணி நேரம் தண்ணீர் விட்டுக் கழுவச் சொல்வது இதனால்தான்.

எண்களை எப்படிப் படிப்பது என்பதற்கும் எண்ணூரே பாடம். அன்று ஆலை வாயிலருகே காற்றில் கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் அமோனியா இருந்ததாகவும், 24 மணி நேரச் சராசரிக்கான வரம்பு 400 என்றும் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அறிவித்தது. கசிந்த இடத்துக் கடல்நீரில் லிட்டருக்கு 49 மில்லிகிராம். அனுமதி 5 மில்லிகிராம். காற்றின் எண்ணை மாற்றிப் பார். 2,090 மைக்ரோகிராம் என்பது ஏறக்குறைய 3 பிபிஎம். வேலையிடத்தில் எட்டு மணி நேரத்துக்கு அமெரிக்காவில் பரிந்துரைக்கும் வரம்பு 25 பிபிஎம். அப்படியானால் மக்கள் ஏன் மூச்சுத் திணறினார்கள்? கருவி ஓரிடத்தில், ஒரு நேரத்தில் அளந்தது. கசிந்த கணத்தில் குப்பத்து வீட்டுக்குள் புகுந்த காற்றை யாரும் அளக்கவில்லை. ஓர் அளவீட்டை எடுத்துப் பேசும்போது எங்கே, எப்போது, எவ்வளவு நேரச் சராசரி என்ற மூன்றையும் கூடவே சொல்லப் பழகு. ஆரோக்கியமான வாலிபத் தொழிலாளிக்கு வகுத்த வரம்பைக் கைக்குழந்தைக்கும் ஆஸ்துமாக்காரருக்கும் பொருத்தாதே.

அமோனியாவை நைட்ரிக் அமிலத்தோடு சேர்த்தால் அமோனியம் நைட்ரேட் கிடைக்கும். தாயும் பிள்ளையும் போல ஒன்றிலிருந்து ஒன்று வந்தாலும் குணம் நேர்மாறானது. வெண்மையான உப்பு, மணம் இல்லை. வாய்வழி நச்சில், எலிகளில் பாதியைக் கொல்லும் அளவு ஒரு கிலோ எடைக்கு 2,000 மில்லிகிராமைத் தாண்டுகிறது. சமையல் உப்பின் மதிப்பே 3,000-ஐச் சுற்றித்தான். உடல்நல வகுப்பில் கண்ணெரிச்சலைத் தவிரப் பெரிதாக எதுவும் விழாது. பௌதிகப் பக்கமோ வேறு கதை. அது பிற பொருளை எரியவைக்கும் திண்மம். பஞ்சுநாரோடு கலந்து கொளுத்தி, பொட்டாசியம் புரோமேட் கலவை எரியும் வேகத்தோடு ஒப்பிட்டு நிலையை முடிவு செய்கிறார்கள். பெரும் குவியலாக இருந்து, எண்ணெயோ குப்பையோ கலந்து, தீயில் அடைபட்டு வெந்தால் அது வெடிக்கும். 2020 ஆகஸ்ட் 4-ஆம் தேதி பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன்னாகச் சேமிக்கப்பட்ட சரக்கு வெடித்து இருநூறு பேருக்கு மேல் இறந்தது அப்படித்தான்.

அந்தச் செய்தி வந்த பிறகுதான் நம் ஊர் விழித்தது. 2015-இல் சுங்கத் துறை பறிமுதல் செய்த ஏறத்தாழ 700 டன் அமோனியம் நைட்ரேட், 37 கன்டெய்னர்களில், மணலியில் உள்ள ஒரு சரக்குப் பெட்டக நிலையத்திலேயே கிடந்தது. அதே ஆகஸ்டில் அதை ஹைதராபாத்துக்கு அனுப்பினார்கள். 2012-இலேயே அதற்கென்று தனி விதிகள் இந்தியாவில் வந்துவிட்டன. அது எந்த வகுப்பு என்பது தாளில் இருந்தது. அந்தத் தாளை எடுத்துப் பார்த்து, இவ்வளவு சரக்கு இத்தனை ஆண்டு இங்கே இருக்கலாமா என்று கேட்பதுதான் தாமதமாயிற்று. "விஷம் இல்லை" என்ற ஒரு பதிலோடு திருப்தி அடைந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

மூன்றாவது ஒன்றும் சொல்ல வேண்டும். பாதரசம் தீப்பற்றாது, வெடிக்காது, ஆவிக்கு மணமும் இல்லை. கொடைக்கானலில் இந்துஸ்தான் யூனிலீவரின் தெர்மாமீட்டர் ஆலை பாதரச மாசு காரணமாக 2001 மார்ச்சில் மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் அந்நிறுவனம் உடன்பாடு செய்தது 2016-இல். நடுவே ஓடிய ஆண்டுகளை எண்ணிப் பார். திரும்பத் திரும்பப் பட்டு ஓர் உறுப்பைச் சிதைப்பது, கருவைப் பாதிப்பது, புற்றுநோய் உண்டாக்குவது, மரபணுவைக் கெடுப்பது ஆகிய வகுப்புகள் உடல்நலப் பட்டியலின் பின்பகுதியில் இருக்கும். அவசரக்காரர்கள் கடும் நச்சோடு நிறுத்திக்கொள்வார்கள். நீ அந்தப் பின்பகுதியை முதலில் படி. அன்றன்றைக்கு யாரும் மயங்கி விழாததால் யாருமே கவனிக்காத கேடுகள் அங்கேதான் இருக்கின்றன.

நிலை எண்ணில் ஒரு பொறி உண்டு. ஜி.எச்.எஸ். முறையில் 1-ஆம் நிலைதான் மிகக் கொடியது. சில ஆலைகளின் டேங்கில் நான்கு நிறச் சாய்சதுரம் வரைந்திருப்பார்கள். அமெரிக்கத் தீயணைப்பு முறை அது. அங்கே 4-தான் கொடியது, 0 என்றால் அபாயமில்லை. இரண்டு முறைகளும் ஒரே வளாகத்தில் இருந்தால் தொழிலாளி குழம்புவார். புதிதாக வருபவருக்கு முதல் நாளே இதைச் சொல்லிவிடு.

மூக்கையும் நம்பாதே. அமோனியா நல்லவேளையாகக் குறைந்த அளவிலேயே காட்டிக்கொடுத்துவிடும். ஹைட்ரஜன் சல்பைடு அப்படியில்லை. கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம். 100 பிபிஎம் அளவில் மோப்பமே செத்துவிடும். இந்த அபிராமபுரத்து அடுக்குமாடிகளின் கழிவுநீர்த் தொட்டிகளுக்குள்ளும் அந்த வாயு சேரும். உரிய பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமல் தொட்டிக்குள் ஒரு மனிதரை இறக்கிச் சுத்தம் செய்யவைப்பதைச் சட்டம் 2013-இலேயே தடைசெய்திருக்கிறது. தொழிற்சாலை ரசாயனம் என்றால் எண்ணூர், மணலிக்காரர்களின் பாடு என்று தென்சென்னையில் நினைப்பவர்களுக்கு இதைச் சொல்லத் தவறாதே.

வகுப்பு என்பது பொருளின் குணம். அதனால் யாருக்கு எவ்வளவு கேடு நேரும் என்பது அளவையும் தூரத்தையும் பொறுத்தது. போபால் விஷவாயு விபத்துக்குப் பின் 1989-இல் வந்த அபாயகர ரசாயன விதிகள், தனிச் சேமிப்பில் அமோனியா 60 டன் இருந்தால் சில கடமைகளையும், 600 டன் இருந்தால் இன்னும் கடுமையான கடமைகளையும் சுமத்துகின்றன. ஆய்வகப் புட்டியிலும் ஆலை டேங்கிலும் இருப்பது ஒரே அமோனியா, ஒரே வகுப்பு. எடுக்க வேண்டிய ஏற்பாடு வெவ்வேறு.

சேர்ந்த பிறகு உன் பட்டியலில் ஒரு பொருளை எடு. அதன் பாதுகாப்புத் தரவுத் தாளில் (எம்.எஸ்.டி.எஸ்.) 16 பகுதிகள் இருக்கும். இரண்டாம் பகுதியில் தயாரிப்பாளர் எழுதிய வகைப்பாட்டை மறைத்துவிட்டு, ஒன்பதாம் பகுதியின் பௌதிக அளவுகளையும் பதினோராம் பகுதியின் நச்சியல் அளவுகளையும் வரம்புகளோடு ஒப்பிட்டு நீயே வகுப்பும் நிலையும் எழுது. பிறகு திறந்து பார். வித்தியாசம் இருந்தால் கேள்வி கேள். "தரவு இல்லை" என்று எழுதியிருப்பதற்கும் "இந்த வகுப்பில் சேராது" என்று எழுதியிருப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். சோதிக்காத பொருளைக் கேடற்ற பொருளாகக் கருதி யாராவது கையெழுத்து கேட்டால் போடாதே.

கடைசியாக, இந்த வேலை யாருக்காக என்பது. 1984 டிசம்பரில் போபாலில் நோயாளிகள் குவிந்தபோது, உள்ளே போன வாயு எது, அதற்கு என்ன சிகிச்சை என்று மருத்துவர்களுக்கே தெரியவில்லை. அதனால்தான் 1987-இல் திருத்தப்பட்ட தொழிற்சாலைச் சட்டம், அபாயங்களைத் தொழிலாளர்களுக்கு மட்டுமின்றி உள்ளாட்சிக்கும் சுற்றுவட்டார மக்களுக்கும் தெரிவிக்க வேண்டும் என்றது. நீ எழுதும் வகைப்பாடு ஆங்கிலத்தில் கோப்புக்குள் உறங்கினால் அந்தக் கடமை தீராது. இரவு ஷிப்டில் வரும் கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும் பக்கத்துக் குப்பத்துப் பெண்களுக்கும் புரியும் தமிழில் ஒரு பக்கம் எழுது: வாடை வந்தால் எந்தப் பக்கம் போவது, காற்றுக்குக் குறுக்கே நடப்பது, ஈரத்துணியால் மூக்கை மூடுவது, கண்ணை எவ்வளவு நேரம் கழுவுவது, மருத்துவமனையில் எந்தப் பெயரைச் சொல்வது. அதை அவர்களிடம் படித்துக் காட்டி, புரியவில்லை என்ற இடத்தை மாற்றி எழுது.

முதலில் அமோனியாவை வைத்தே செய்துபார். எந்த அளவை எந்த வரம்போடு ஒப்பிட்டாய் என்பதை ஓரத்தில் குறித்து, அந்தத் தமிழ்ப் பக்கத்தையும் சேர்த்து எனக்கு அனுப்பு. சிவப்பு மையில் திருத்தி அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் தாத்தா