பழைய காரில் இயந்திரத் திக்கலும் எண்ணெய்க் கசிவும்

1985ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் வெளியீடு கண்ட புரோட்டோன் சாகா காரின் முதல் வடிவம், சிற்சில மாற்றங்களோடு 2008ஆம் ஆண்டு வரை தயாரிக்கப்பட்டது. கார்புரேட்டர் பொருத்திய அந்தக் கார்களை இன்றும் தோட்டப்புறங்களில் காண்கிறோம். சந்தைக்குப் போவதும் அதில்தான்; நள்ளிரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் பட்டணத்து மருத்துவமனைக்கு விரைவதும் அதில்தான். செம்மண் பாதையைக் கடந்து பெருஞ்சாலையில் ஏறும் தறுவாயில், லாரி ஒன்று நெருங்கி வரும்போது, மிதியை அழுத்தியும் கார் ஒரு கணம் திகைத்து நின்றால் விளைவு என்னவாகும் என்பதை நாம் விவரிக்க வேண்டியதில்லை.

இக்குறை எப்போது தோன்றுகிறது என்பதை முதலில் கவனித்துக் குறித்துக்கொள்ள வேண்டும். மிதியை அழுத்திய அதே கணத்தில் தடுமாறி, பின்னர் சரியாக ஓடுகிறதா? மேட்டில் நெடுநேரம் ஏறும்போது மெல்ல மெல்லச் சோர்கிறதா? மழை நாளில் மட்டும் குலுங்குகிறதா? மூன்றுக்கும் காரணங்கள் வேறு வேறு.

முதல் வகையில் ஐயம் கார்புரேட்டரின் வேகப் பம்பின்மேல் விழுகிறது. மிதியைத் திடீரென அழுத்தினால் காற்று உடனே பாய்ந்து உள்ளே செல்லும். பெட்ரோலோ காற்றைவிடக் கனமானது, பின்தங்கிவிடும். அந்தக் குறையை நிரப்பவே இச்சிறு பம்பு பெட்ரோலைப் பீய்ச்சுகிறது. அதனுள் இருக்கும் ரப்பர்ச் சவ்வு கிழிந்தால் கலவை நீர்த்துப்போய் இயந்திரம் திக்கும். இயந்திரத்தை நிறுத்தி, அது ஆறிய பிறகு, காற்று வடிகட்டியின் மூடியைக் கழற்றுங்கள். கார்புரேட்டரின் தொண்டையைப் பார்த்தவாறே நெம்புகோலைக் கையால் திருப்பினால், அக்கணமே பெட்ரோல் தாரையாகப் பாய வேண்டும். சொட்டினாலும் தாமதித்தாலும் பம்பே குற்றவாளி. இச்சோதனையின்போது அருகில் எவரும் புகைபிடித்தல் கூடாது.

தாரை நன்றாக இருந்தால் அடுத்து வேக்கம் குழாய்களைப் பாருங்கள். பல்லாண்டு வெப்பத்தில் வெந்த ரப்பர் வெடித்து, அதன் வழியே வேண்டாத காற்று புகுந்துவிடும். இயந்திரம் மெதுவாக ஓடும்போது குழாய்களை ஒவ்வொன்றாக விரலால் அழுத்தி மூடுங்கள். எதை மூடும்போது சீறல் ஒலி நின்று ஓட்டம் சீராகிறதோ, அதன் வழியில்தான் ஓட்டை இருக்கிறது. நாமும் ஒருமுறை ஏமாந்திருக்கிறோம். பட்டறைப் போமென் சொன்னார் என்று கார்புரேட்டரையே மாற்றி, பெரும்பணம் செலவழித்த பின்னர்தான், விரல் நீளக் குழாய் ஒன்று பிளந்திருந்ததைக் கண்டோம்.

மேட்டில் சோர்ந்தால் பெட்ரோல் வடிகட்டியும், செம்மண் தூசி படிந்த காற்று வடிகட்டியும் அடைபட்டிருக்கலாம். மழையில் குலுங்கினால் பிளக் வயர்களையும் டிஸ்டிரிபியூட்டர் மூடியையும் இருட்டில் பாருங்கள். நீலப்பொறி தாவும் இடமே பழுது. ஆனால் கையை வைத்துவிடாதீர்கள்.

இனி எண்ணெய்க் கசிவைப் பார்ப்போம். கசிந்த எண்ணெய் கீழே வழியும். ஓட்டத்தில் காற்று அதனைப் பின்னே தள்ளும். ஆகவே சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. இயந்திரத்தை நன்கு கழுவித் துடைத்து உலரவிட்டு, சிறிது தொலைவு ஓட்டிவந்து பாருங்கள். ஈரம் கண்ட இடங்களுள் மிக மேலேயும் மிக முன்னேயும் இருப்பதே ஊற்று. பெரும்பாலும் அது வால்வு மூடியின் காஸ்கெட்டாக இருக்கும். அதற்காக மூடியின் திருகுகளை ஆத்திரத்தோடு முறுக்கினால் மூடி வளைந்து கசிவு கூடும். புதிய காஸ்கெட் போடுவதே முறை. கீழே சொட்டுவது கறுப்பாக இல்லாமல், சக்கரத்தின் அருகே மெல்லிய நீர்மமாக வழவழத்தால், அது பிரேக் எண்ணெயாக இருக்கலாம். அக்காரை ஓட்டாதீர்கள்.

இவ்விரு நோய்க்கும் ஒரே மூலமாக அமையும் சிறு பொருள் ஒன்றுண்டு. அதனைப் பலர் அறியார். பிஸ்டன் வளையங்களைத் தாண்டி நழுவும் வாயு இயந்திரத்தின் அடிவயிற்றில் சேரும். அதனை மீண்டும் உறிஞ்சி எரிப்பதற்கு வழிவிடுவது பி.சி.வி. வால்வு. அது அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல காஸ்கெட்டையும் ஆயில் சீலையும் மீறி எண்ணெய் வெளியே வரும். திறந்தபடி சிக்கிக்கொண்டாலோ மிகுதியான காற்று நுழைந்து இயந்திரம் திக்கும். வால்வைக் கழற்றிக் குலுக்கினால் கலகலவென்று ஒலிக்க வேண்டும். இயந்திரம் மெதுவாக ஓடும்போது அதன் வாயில் விரல் வைத்தால் உறிஞ்சுதல் தெரிய வேண்டும். புதிய காஸ்கெட் மறுமாதமே கசிகிறது என்று வருந்துவோர், முதலில் இதைப் பாருங்கள்.

வால்வும் குழாயும் சுத்தமாக இருந்தும், எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை வருகிறதா? பின்குழாயிலும் நீலப்புகை தெரிகிறதா? அப்படியானால் பிஸ்டன் வளையங்களோ சிலிண்டரோ தேய்ந்துவிட்டன என்று கொள்ளலாம். அந்நிலையில் காஸ்கெட்டுக்குப் பணம் கொடுப்பது வீண். இயந்திரத்தைப் பிரித்துச் செப்பனிட ஆகும் செலவையும் காரின் மதிப்பையும் ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள்.

இரண்டு கசிவுகளை மட்டும் ஒருநாளும் தள்ளிப்போடக் கூடாது. ஒன்று, சூடான எக்ஸ்சோஸ் குழாயின்மேல் சொட்டுவது. கருகல் நாற்றம் வந்தாலே தீப்பற்றும் அபாயம் உண்டு. மற்றொன்று, முன்புற ஆயில் சீல் வழியாக டைமிங் பெல்ட்டை நனைப்பது. எண்ணெயில் ஊறிய பெல்ட் அறுந்தால் கார் நடுவழியில் நின்றுவிடும், வால்வுகளும் வளையக்கூடும்.

சீர்செய்யும் வரை, வாரம் ஒருமுறை சமதரையில் காரை நிறுத்தி, அளவுகோலை இழுத்துப் பார்த்து எண்ணெய் ஊற்றிவாருங்கள். அடியில் பார்க்க வேண்டுமானால், ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் கீழே நுழையாதீர்கள். தாங்கு கால்களை முட்டுக்கொடுத்து, சக்கரங்களுக்குக் கட்டையும் வையுங்கள்.